நாலே படம் எடுக்கும் டப்பா

கேரவன் கழிப்பறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாள் வீட்ஸ்கா. வெளியே, கூரை ஒழுகுகிறது என்று லேவார்டன் நகரத்திலிருந்து தங்கள் வீட்டு வண்டியைக் காரின் பின்னால் இழுத்துக்கொண்டு வந்த தம்பதி கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள்.

"உள்ள என்னங்க பண்றாங்க?" என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டாள்.

"ஒழுகுதான்னு பாக்குறாங்க."

"எங்க வண்டி இங்கல்ல நிக்குது?"

நியாயமான கேள்விதான். வீட்ஸ்கா நுழைந்திருப்பது அவளுடைய சொந்தக் கேரவன். பட்டறைக்குப் பின்னால் சக்கரம் இல்லாமல் கிடக்கும் அந்த வண்டியின் கழிப்பறைதான் எங்கள் ஊரிலேயே இருட்டான இடம். ஜன்னலுக்குத் தகரம் அடித்து, கதவிடுக்கெல்லாம் ரப்பர் ஒட்டி வைத்திருக்கிறாள். உள்ளே உட்கார்ந்து, கேமராவின் வயிற்றுக்குள் ஒரு சைக்கிள் விளக்கை எரியவிட்டு மூடுவாள். கண் இருட்டுக்குப் பழகும்வரை பேசாமல் இருப்பாள். பிறகு கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். எங்காவது ஊசிமுனை அளவு வெளிச்சம் வெளியே வந்தால் அங்கே ஒழுகல். உள்ளிருந்து வெளிச்சம் வெளியே வருகிற வழியாகத்தான் வெளியிலிருந்து உள்ளேயும் போகும், பிலிமைக் கெடுக்கும்.

"மாட்டிக்கிட்டியா!" என்று உள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. தம்பதி இருவரும் இரண்டடி பின்வாங்கினார்கள்.

கேரவன் கூரை ஒழுகலை அடைப்பதுதான் வீட்ஸ்காவின் தொழில். புது வண்டி வாங்க வசதியில்லாதவர்கள், பழைய வண்டியை இன்னும் இரண்டு கோடைக்கு ஓட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள், அவளிடம்தான் வருவார்கள். நெட்டையான பெண். ஐம்பதைத் தாண்டியாயிற்று. கையில் எப்போதும் அடைப்புப் பசையின் நாற்றம். காதில் பென்சில். கூரைமேல் ஏறி ஒவ்வொரு இணைப்பையும் கட்டைவிரலால் அழுத்தி, "இங்க வலிக்குதா, இங்க?" என்று வண்டியைக் கேட்பாள். மனிதர்களிடம் அவ்வளவு பேசமாட்டாள்.

கேமரா என்று வந்துவிட்டால் மட்டும் நிறுத்தவே முடியாது. அதிலும் எல்லாக் கேமராவும் இல்லை. அகலமான ரோல் பிலிமில் ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்குப் படம் எடுக்கும் கேமரா. மற்றவர்கள் பத்துப் பன்னிரண்டு படம் எடுக்கிற ரோலில் இது நாலே படம் எடுக்கும். எங்கள் ஃபிரீஸ்லாந்தில் எதுவுமே உயரமில்லை. ஏரிக்கரை, கால்வாய், மாடுகளின் வரிசை, மேகம் எல்லாம் நீளம்தான். சாதாரணக் கேமராவில் எடுத்தால் பாதிப் படம் வெறும் வானமாகவும் மீதி வெறும் புல்லாகவும் வரும். நீளப் படத்தில்தான் ஊர் ஊராக இருக்கிறது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அவள் வாங்குவதெல்லாம் மலிவு. முதலில் வாங்கியதில் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்திலும் பிளாஸ்டிக். நடுவில் மட்டும் முகம் தெரியும், ஓரமெல்லாம் கஞ்சி. அடுத்தது மடக்கி விரிக்கிற ரகம். விரித்தால் கண்ணாடி இருக்கும் மூக்கு தொங்கும்; தொங்கினால் ஒரு பக்கம் தெளிவு, மறுபக்கம் மூட்டம். அதற்கு ஒரு குச்சி முட்டுக் கொடுத்துப் பார்த்தாள். குச்சி படத்தில் வந்தது. மூன்றாவதில் பிலிம் தட்டையாக நிற்காமல் பாய் சுருட்டிக்கொள்வதுபோல் வளைந்துகொண்டது. ஒவ்வொன்றையும் ஏசுவாள், பிரிப்பாள், ஒட்டுவாள், அடுத்ததை வாங்குவாள்.

இப்போது இருப்பது குரோனிங்கனில் ஒருவர் தம் படுக்கையறையில், பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காக அச்சிட்டுச் செய்த உடல். விரலால் தடவினால் சீப்புப்போல் கோடுகள் தெரியும். ஒரு ரொட்டியைவிடக் கனம் குறைவு. கண்ணாடி மட்டும் பழைய அச்சகத்துப் பெரிய கேமராவிலிருந்து கழற்றியது, அசல் சரக்கு. வீட்ஸ்கா அந்த உடலின் உள்ளே கரும்பலகைக்கு அடிக்கும் பெயிண்ட் அடித்தாள். பின்மூடியைச் சுற்றி கேரவன் ஜன்னல் ரப்பரை ஒட்டினாள். பிலிம் வளையாமலிருக்க இரண்டு பித்தளைத் தகடுகளைத் தேய்த்து வைத்தாள். அதற்குப் பிறகு அது எடுத்த முதல் படத்தை என் சமையலறை மேஜையில் விரித்தாளே, சும்மா சொல்லக்கூடாது, நான் காபியைக் கீழே வைத்துவிட்டேன். அக்கரை மரங்களில் இலைவரை தெரிந்தது.

"பெட்டி இருட்டா இருக்கணும். பிலிம் தட்டையா இருக்கணும். கண்ணாடி நேரா பாக்கணும். மத்ததெல்லாம் நகைநட்டு," என்பாள். "டுர்க் வெச்சிருக்கான் பாரு ஒரு ஜெர்மன் கேமரா, அந்தக் காசுக்கு நல்ல கேரவனே வாங்கலாம். கேரவன்ல படுத்துத் தூங்கலாம். கேமராவுல தூங்க முடியுமா?"

டுர்க் எங்கள் ஊர் பேண்டு வாத்தியக் குழுவின் தலைவர். பால் கூட்டுறவில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவரிடமும் நீளப் படக் கேமரா இருக்கிறது. உலோக உடல், தோல் உறை, தூக்கினால் தோள் இறங்கும். அதைக் குறை சொல்ல வீட்ஸ்காவாலும் முடியாது. அவள் குறை சொன்னதெல்லாம் டுர்க்கைத்தான்.

பேண்டுக்கு இந்த ஜூனில் நூறு வயது. ஊர்க் கூடத்தில், பீர் ஊற்றும் மேடைக்கு மேலே உள்ள நீளச் சுவர் வெறுமையாகக் கிடக்கிறது. அங்கே குழு முழுவதும் ஒரே வரிசையில் நிற்கும் படம் ஒன்று மாட்டுவது என்று முடிவானது. டுர்க் தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் கேமரா இருக்கு," என்றார். வீட்ஸ்கா எழுந்தாள்.

"என்னோடதும் இருக்கு."

"அந்த பிளாஸ்டிக் டப்பாவா?"

"அதேதான்."

"நூறு வருஷத்துக்கு ஒருதரம் வர்ற நாளும்மா. டப்பாவை நம்பிக் கூத்தடிக்க முடியாது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பல வருடமாகச் சிரிக்கிற சிரிப்புதான் அது. வீட்ஸ்காவின் டப்பா என்றாலே எங்கள் ஊரில் யாருக்கும் வாய் கோணும். ஆனால் அவள் உட்காரவில்லை. "என் செலவுல எடுத்து, என் செலவுல பெரிசு பண்ணித் தரேன்," என்றாள். செலவில்லை என்று காதில் விழுந்ததும் கைகள் மளமளவென்று உயர்ந்தன. எங்கள் ஆட்களை நான் அறிவேன். டுர்க்கின் முகத்தில் ஈயாடவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்: அவர் தம் கேமராவைக் கொண்டுவர மாட்டார், ஆனால் அவர் பார்த்து, சரி என்று சொன்னால்தான் படம் சுவருக்குப் போகும். இல்லாவிட்டால் சுவர் வெறும் சுவராகவே இருக்கட்டும். எல்லாரும் சேர்ந்து வர முடிந்தது ஒரே ஒரு சனிக்கிழமைதான்; அதை விட்டால் ஒருவன் புல் அறுக்கப் போவான், ஒருத்தி விடுமுறைக்குப் போவாள், மறுபடி எல்லாரையும் ஒன்றாக நிறுத்துவது நடக்காத காரியம்.

"உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்று வழியில் கேட்டேன்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தாள். "மலிவுன்னாலே மட்டம்ங்கறாங்க. நான் பழைய வண்டி, பழைய சாமான், அதுலயே இருக்கறவ. அவங்க டப்பாவைச் சொல்லும்போது எனக்கு என்னையே சொல்ற மாதிரி இருக்கு. ஒருதரமாவது அந்தச் சுவத்துல மாட்டிக் காட்டணும்," என்றாள். எனக்கு அவள்மேல் சட்டென்று பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. இருபது வருடத்துக்கு மேல் பக்கத்து வீட்டில் இருக்கிறேன், அவள் தன்னைப் பற்றி இவ்வளவு பேசி அன்றுதான் கேட்டேன்.

சனிக்கிழமை ஏரிக்கரையில் நல்ல வெயில், நல்ல காற்று. நாற்பது பேரும் நீலச் சட்டையில், வாத்தியங்கள் பளபளக்க, வந்து நின்றார்கள். நான் அதில் ஜால்ரா தட்டுகிறவன். மூக்குக்கண்ணாடி போட்டால் வெயிலுக்கு மின்னும் என்று என்னைக் கழற்றச் சொல்லிவிட்டாள்; ஆகையால் அங்கே நடந்ததில் பாதி எனக்குப் புகைமூட்டம்தான். வீட்ஸ்கா புல்லில் ஒரு கயிற்றை நேராகக் கட்டி, அதன்மேல் எல்லாரையும் நிறுத்தினாள். பிறகு வரிசையின் முன்னால் நடந்துகொண்டே, "நீ உள்ள போ. நீயும் உள்ள போ. யெல்ட்யா, நீ ஓரத்துக்கு வா," என்று ஆட்களை மாற்றினாள்.

"எதுக்கு?" என்றாள் கிளாரினெட் வாசிக்கும் யெல்ட்யா.

"இந்தக் கண்ணாடி ஓரத்துல நிக்கறவங்களைப் பக்கவாட்டுல இழுத்துக் காட்டும். ஒல்லியா இருக்கறவங்கதான் தாங்குவாங்க."

"எல்லாரும் கேட்டுக்கோங்க," என்றாள் யெல்ட்யா, மெதுவாக நடந்து ஓரத்துக்குப் போய்.

மறு ஓரத்தில் டுர்க் நின்றார். பெரிய டிரம் வாசிக்கிற தலைவர் வலது ஓரத்தில்தான் நிற்பார், குழுவின் எல்லாப் படத்திலும் அங்கேதான் நிற்கிறார். எங்கள் ஊரில் ஒருவருக்கு மரியாதை கொடுப்பதென்றால் அவர் முகத்துக்கு நேரேயே அவரை இன்னொருவர்போல் வைத்துப் பேசுவார்கள். வீட்ஸ்கா அந்த மரியாதையை டுர்க்கை வாரவே வைத்திருக்கிறாள்.

"தலைவர் நடுவுக்கு வந்தா நல்லா இருப்பாரு," என்றாள்.

"தலைவர் இங்கயே நிப்பார்."

"டிரம் எது, தலைவர் எதுன்னு தெரியாமப் போயிடும்."

டுர்க் உதட்டை இறுக்கிக்கொண்டார். அவருக்கு முன்பல் இரண்டும் கொஞ்சம் வெளியே நிற்கும். படம் எடுப்பது என்றாலே வாய்க்குப் பூட்டுப் போட்டுவிடுவார். சுவர்களில் இருக்கும் எந்தப் படத்திலும் அவர் பல்லை யாரும் பார்த்ததில்லை.

பையில் ஒரே ஒரு ரோல். இன்னொன்று கொண்டுவரக்கூடாதா என்று கேட்டதற்கு, "நாலுல வராதது நாற்பதுலயும் வராது," என்றுவிட்டாள். வெயில் பின்மூடிக்குள் இறங்காமலிருக்கத் தன் மேல்சட்டையைக் கழற்றிக் கேமராவைப் போர்த்தினாள். அந்த டப்பாவில் பார்க்கிற துளை வேறு, படம் எடுக்கிற கண்ணாடி வேறு. துளை வழியாகப் பார்த்து, கையை உயர்த்தி, அமுக்கினாள். கிளிக். பிலிமைச் சுற்றினாள். எல்லாரும் வாத்தியத்தை உயர்த்திப் பிடித்தோம். கிளிக். மறுபடி சுற்றினாள். மேகம் விலகக் காத்திருந்து, நல்ல பளிச்சென்ற வெயிலில் மூன்றாவது கிளிக். அற்புதமாக வந்திருக்கும் என்று எனக்கு அப்போதே உற்சாகம் தாங்கவில்லை.

டியூபா என்ற பெரிய பித்தளைக் குழல் ஊதும் கெர்பன் மாட்டுப் பண்ணைக்காரர். கோடைக்கு ஒரு வாக்கியம், குளிர்காலத்துக்கு ஒரு வாக்கியம் பேசுகிறவர். அவர் டியூபாவைக் கீழே இறக்கினார்.

"வீட்ஸ்கா, அந்த மூடி படத்துல வருமா?"

"எந்த மூடி?"

"முன்னாடி போட்டிருக்கியே, கறுப்பா."

வீட்ஸ்கா கேமராவின் முன்பக்கம் வந்து பார்த்தாள். வழக்கமாக அவள் அந்தக் கண்ணாடிக்குப் போடுவது ஒரு சிவப்புக் கம்பளிக் காலுறை, குழந்தை அளவு. கண்ணில்லாதவனுக்கும் தெரியும். விசேஷ நாளாயிற்றே, தலைவர் முன்னால் காலுறையா என்று, அன்றைக்கென்றே கறுப்பு மூடி ஒன்று வாங்கி மாட்டியிருந்தாள். அது மாட்டியபடியே இருந்தது. மூன்று படமும் இருட்டைப் பார்த்து எடுத்த படம்.

"நீங்க பாத்தீங்களா?" என்று அவள் வரிசையைப் பார்த்துக் கேட்டாள்.

"பாத்தேன்," என்றாள் யெல்ட்யா. "வெயிலுக்காகன்னு நினைச்சேன்."

"நானும் பாத்தேன்."

"முதல்லயே பாத்தேன். உன் வேலை உனக்குத் தெரியும்ல."

"சொல்லக்கூடாதா?" என்றாள் வீட்ஸ்கா.

"உன் விஷயத்துல நாங்க எதுக்கு மூக்கை நுழைக்கணும்?" என்றான் வரிசை நடுவிலிருந்து ஒருவன். அவன் கேட்டதில் ஒரு விஷமமும் இல்லை. இதுதான் எங்கள் ஊர். பக்கத்து வீடு பற்றி எரிந்தாலும், குளிருக்கு மூட்டியிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று மரியாதையாகக் கடந்து போவார்கள். முப்பது சொச்சம் பேர் மூன்று படத்துக்கும் மூடியைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு நின்றிருக்கிறார்கள்.

கெர்பன்தான் முதலில் ஆரம்பித்தார். டியூபாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு சிரிப்பு. அது பக்கத்து ஆளுக்குத் தொற்றியது, அங்கிருந்து வரிசை நெடுக இரண்டு பக்கமும் ஓடியது. யெல்ட்யா கிளாரினெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வயிற்றைப் பிடித்தாள். எனக்கு ஜால்ரா கையிலிருந்து நழுவியது. பாவமாகவும் இருந்தது, அடக்கவும் முடியவில்லை. வீட்ஸ்கா சிரிக்கவில்லை. மூடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். பிலிமைச் சுற்றி, பின்பக்கச் சிவப்புத் துளையில் பட எண்ணைப் பார்த்தாள். ஒரே படம் பாக்கி.

மேற்கே பெரிய கருமேகம் ஒன்று ஏரியின் பாதியைத் தாண்டிவிட்டது. எல்லாரும் அடங்கி, சட்டையைச் சரிசெய்து, வாத்தியத்தைத் தூக்கி நிற்பதற்குள் வெயில் போய்விடும். அவள் மேகத்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். யாரிடமும் எதுவும் சொல்லாமல் அமுக்கிவிட்டாள்.

டுர்க் டிரம்மைக் கழற்றிக்கொண்டு வந்தார். "எடுத்துட்டியா? ஒருத்தன்கூட நேரா நிக்கல. கடைசிப் படத்தைப் போய்..."

"எடுத்துட்டேன்," என்றாள். அப்போது மழை பிடித்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் அவள் சமையலறையில் நாங்கள் மூன்று பேர். தலைவர் பார்த்துச் சொல்லவேண்டும் என்பது நிபந்தனை ஆயிற்றே, டுர்க் குடையோடு வந்துவிட்டார். வீட்ஸ்கா கேரவன் கழிப்பறைக்குப் போய், இருட்டில் பிலிமை வெளிச்சம் புகாத கழுவும் டப்பாவுக்குள் ஏற்றிக்கொண்டு வந்து, மருந்தை ஊற்றிக் குலுக்க ஆரம்பித்தாள். சர்க்கரைக் கட்டி போட்டுச் சுட்ட ரொட்டியை நறுக்கி வைத்திருந்தாள், யாரும் தொடவில்லை. ரப்பர் ஒழுகியிருந்தால்? சட்டை காற்றில் விலகியிருந்தால்? அந்தப் படம் வரவேண்டும் என்று நான் என் சொந்தக் காரியத்துக்குக்கூட இப்படி வேண்டிக்கொண்டதில்லை.

டுர்க் மேஜை விரிப்பின் நூலை நிமிண்டிக்கொண்டிருந்தார். "என் கேமராவுலயும் மூடி போட்டா தெரியாது," என்றார் திடீரென்று.

வீட்ஸ்கா குலுக்குவதை நிறுத்தவில்லை.

"ஆல்ப்ஸ் போயிருந்தேன்ல. ரெண்டு ரோல். சூரியோதயம். முழுசும் மூடியோட எடுத்தேன்."

"அவ்வளவு காசு போட்டு வாங்கினியே, அது உனக்கு ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லல."

"அதுவும் நம்ம ஊர்க்காரன்தான்," என்றாள். மூடியைக் கழற்றியதிலிருந்து அவள் சொன்ன முதல் வேடிக்கை அதுதான். டுர்க் ஒரு துண்டு ரொட்டி எடுத்துக்கொண்டார்.

மருந்தைக் கொட்டி, தண்ணீரில் அலசி, டப்பாவைத் திறந்து பிலிமைச் சுருள் பிரித்தாள். ஜன்னலுக்கு நேராகத் தூக்கினாள். முதல் படம் வெறும் கண்ணாடி போலிருந்தது. இரண்டாவதும். மூன்றாவதும். நாலாவது வந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஏரிக்கரை, கயிறு பிடித்ததுபோல் நேராக. அதன்மேல் நாற்பது பேர். ஒரு கீறலில்லை, ஒரு ஒழுகலில்லை. வீட்ஸ்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைக்கக் கை இல்லை.

டுர்க் சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு முகமாக நகர்த்திக்கொண்டு போனார். யெல்ட்யா வயிற்றைப் பிடித்து மடங்கியிருக்கிறாள். கெர்பன் தலையை அண்ணாந்து சிரிக்கிறார். எனக்கு ஒரு கையில்தான் ஜால்ரா இருக்கிறது. வலது ஓரத்துக்கு வந்ததும் பூதக்கண்ணாடி நின்றது. நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகத் தெரியும். டிரம்முக்கு மேலே தலைவரின் முகம், முகத்தில் திறந்த வாய், வாயில் வரிசையாகக் கறுப்புப் பற்கள், முன்பல் இரண்டும் முதலில்.

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. அந்தக் கூடத்துக்கு வருகிறவர்களெல்லாம் பீர் குடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கப்போகிற படம்.

"ஓரம் இருட்டா வரும்," என்றார்.

"வரும்."

"நான் குண்டா இருக்கேன்."

"இருக்கே."

"எவ்வளவு பெரிசு அடிக்கலாம்?"

"மூணு மீட்டர் தாங்கும்."

டுர்க் பூதக்கண்ணாடியைத் துடைத்தார். "அடிச்சுடு," என்றார். "சுவத்துல இடம் இருக்கு."

வீட்ஸ்கா பிலிமைக் கொடியில் மாட்டவில்லை. மேஜையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்து, ஒன்றுமே இல்லாத முதல் படத்தைத் தனியாக வெட்டி, துணியில் ஈரத்தை ஒற்றி, டுர்க்கிடம் நீட்டினாள்.

"இது தலைவருக்கு. இதுல அவர் வாயை மூடிக்கிட்டுத்தான் இருக்கார்."

டுர்க் அதை வாங்கி, ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து வலது ஓரம்வரை பார்த்தார்.